குமரப் பருவத்து உணவும் உடற்கொழுப்பும்

பள்ளிகளில் ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை நடைபெறுகிறது. மாணவ மாணவியரை வரிசையாக நிறுத்தி, உயரத்தையும் எடையையும் குறித்துக்கொள்கிறார்கள். ஒருவர் எடையை உரக்கச் சொல்ல, மற்றொருவர் ஏட்டில் எழுதுவதே பல இடங்களில் வழக்கம். அந்த எண் அறையிலுள்ள நாற்பது பேர் செவியிலும் விழுகிறது. பதின்மூன்று வயதுப் பெண்ணொருத்தி அன்றிரவே உணவைப் பாதியாகக் குறைத்துவிடத் தீர்மானிப்பது அரிதன்று. அதே வகுப்பில் மெலிந்து நிற்கும் பையனிடம், "இன்னும் நன்றாகச் சாப்பிடு" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். இவ்விரண்டு முடிவுகளும் பல வேளைகளில் தவறானவை. ஏன் தவறாகின்றன என்பதை விளக்க இக்கட்டுரையில் முயல்வோம்.

பத்து வயது முதல் பத்தொன்பது வயது வரையுள்ள காலத்தை உலக சுகாதார நிறுவனம் குமரப் பருவமெனக் கொள்கிறது. பிறந்த முதல் ஆண்டுக்குப் பின்னர் மனித உடல் மிக விரைவாக வளரும் காலம் இதுவே. பெண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 12 வயதிலும், ஆண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 14 வயதிலும் வளர்ச்சியின் வேகம் உச்சத்தை அடைகிறது. ஆகவே ஏழாம் வகுப்பில் பெண்கள் பலர் தம் வயதுப் பையன்களைவிட உயரமாகவும் கனமாகவும் காணப்படுவர். இதைக் கண்டு பெற்றோர் கவலைப்படுவதுண்டு. கவலைக்கு இதில் ஏதும் இல்லை.

இப்பொருளை ஆராய ஏற்றதோர் இடம் மும்பையின் கிழக்குப் பகுதியிலுள்ள அணுசக்தி நகர். டிராம்பே குன்றுகளை அடுத்து அமைந்த இக்குடியிருப்பில், பாபா அணு ஆராய்ச்சி நிலையத்திலும் அணுசக்தித் துறையைச் சார்ந்த பிற அலுவலகங்களிலும் பணிபுரிவோர் குடும்பத்துடன் வாழ்கின்றனர். 1969-இல் நிறுவப்பட்ட அணுசக்திக் கல்விச் சங்கம் இவர்களுடைய பிள்ளைகளுக்கென இங்கே பள்ளிகளை நடத்துகிறது. ஒரே வகுப்பில் மராட்டியர், வங்காளியர், மலையாளியர், தெலுங்கர், தமிழர் ஆகிய பல மொழியினரின் பிள்ளைகள் அடுத்தடுத்து அமர்ந்திருப்பர். இடைவேளையில் அவர்கள் திறக்கும் டப்பாக்களில் போஹா, இட்லி, பராத்தா, தயிர்சாதம் என்று நாட்டின் உணவு வகைகள் பலவற்றைக் காணலாம்.

இந்நகரின் மதிலைத் தாண்டினால் மான்குர்த், கோவண்டி ஆகிய நெருக்கமான ஏழைக் குடியிருப்புகள் வந்துவிடுகின்றன. இவை யாவும் மாநகராட்சியின் கிழக்கு 'எம்' வட்டாரத்தைச் சேர்ந்தவை. 2009-இல் வெளியான மும்பை மனித மேம்பாட்டறிக்கையில் மாநகரின் வட்டாரங்களுள் கடைசி இடத்தைப் பெற்றது இவ்வட்டாரமே. மாதச் சம்பளமும் மருத்துவ வசதியும் உள்ள வீட்டுப் பிள்ளைகளும், அன்றாடக் கூலியை நம்பிய வீட்டுப் பிள்ளைகளும் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் வளர்கின்றனர். செம்பூர், மாதுங்கா, தாராவி ஆகிய தமிழர் மிகுந்த பகுதிகளிலும் இதே வேற்றுமையைக் காணலாம். ஒரு பக்கத்தில் மிகை எடை, மறு பக்கத்தில் மெலிவு என்று எண்ணத் தோன்றும். உடற்கொழுப்பை அளந்து பார்க்கும்போது கதை அவ்வளவு நேராக இல்லை.

உடலினுள் நடைபெறும் மாறுதலை முதலில் காண்போம். எட்டு, ஒன்பது வயது வரை ஆணுக்கும் பெண்ணுக்கும் உடற்கொழுப்பில் பெரிய வேற்றுமை கிடையாது. பருவமடையும் காலத்தில் பாதை பிரிகிறது. பையனுடைய உடலில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் நாளமில்லாச் சுரப்பு பெருகி, தசையும் எலும்பும் விரைந்து வளர்கின்றன. மொத்த எடையில் கொழுப்பின் பங்கு குறைகிறது. பெண்ணின் உடலில் ஈஸ்ட்ரோஜன் பெருகி, இடுப்பிலும் தொடையிலும் மார்பிலும் கொழுப்பு சேர்கிறது. பருவ வளர்ச்சி முடியும்போது நல்ல உடல்நலமுள்ள பெண்ணின் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கொழுப்பாக இருக்கும். பையனுக்கோ அது ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு அளவே.

இக்கொழுப்பைச் சோம்பலின் விளைவு என்றோ அளவு மீறிய உணவின் விளைவு என்றோ கருதுவது பிழை. பிற்காலத்தில் கருவைத் தாங்கவும் பாலூட்டவும் இயற்கை முன்கூட்டியே சேர்த்துவைக்கும் இருப்பு அது. ஒரு பெண் முதன்முறை பூப்படைவதற்கு உடல் எடையில் குறைந்தது 17 சதவிகிதக் கொழுப்பு இருக்கவேண்டுமென்று ரோஸ் ஃபிரிஷ் என்னும் அமெரிக்க விஞ்ஞானி 1970-களில் கூறினார். அந்த எண்ணைப் பின்னர் பலர் மறுத்துரைத்தனர். எனினும் 1994-இல் லெப்டின் கண்டறியப்பட்ட பிறகு, கொழுப்புத் திசு தன் இருப்பை மூளைக்கு அறிவிக்கிறது என்பதும், அவ்வறிவிப்பு மிகவும் குறைந்தால் மாதவிலக்கு நின்றுபோகலாம் என்பதும் தெளிவாயின. பட்டினி கிடந்து மெலியும் மாணவிக்கு மாதவிலக்கு தவறுவதன் காரணம் இதுவே.

உயிருள்ள ஒருவரின் உடலிலுள்ள கொழுப்பை எப்படி அளப்பது? எடைத் தராசு அதனைக் காட்டாது. ஆர்க்கிமிடீசின் தத்துவத்தைக் கொண்டு ஒருவரை நீருக்குள் அமிழ்த்தி எடைபோடுவது பழைய முறைகளுள் ஒன்று. கொழுப்பு நீரைவிட இலேசானது, தசையும் எலும்பும் நீரைவிடக் கனமானவை என்பதே அதன் அடிப்படை. மேற்கையின் பின்புறத்திலும் தோள்பட்டை எலும்பின் கீழும் தோலைக் கொழுப்புடன் சேர்த்து இடுக்கியால் பிடித்து, மடிப்பின் தடிப்பை அளப்பது மற்றொரு முறை. களப்பணியாளர் பலர் இந்த இடுக்கியைக் கையாண்டிருப்பர். பழகிய கைக்கு இது நல்ல கருவி. பழகாத கையில் ஒரே பிள்ளைக்கு மூன்று விடைகள் தரும். கடைகளில் கிடைக்கும், கொழுப்பைக் காட்டுவதாகச் சொல்லும் மின்தராசுகளைப் பற்றி இங்கு ஒரு சொல்: அவை உடலினூடே மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி, உள்ளிருக்கும் சூத்திரத்தைக் கொண்டு கணக்கிடுகின்றன. நீர் பருகிய அளவும் வியர்த்த அளவும் விடையை மாற்றிவிடும். மேலும் அச்சூத்திரங்கள் பெரும்பாலும் பிற நாட்டு வயதுவந்தோரை வைத்து அமைக்கப்பட்டவை. பிள்ளைகள் விஷயத்தில் அவற்றை நம்பி முடிவு செய்தல் ஆகாது.

மிகவும் நம்பத்தக்க முறைகளுள் ஒன்று அணுசக்தி நகருடன் நெருங்கிய உறவுடையது. இந்நகரில் கனநீர் வாரியத்தின் தலைமை அலுவலகம் உள்ளது. நம் நாட்டின் முதலாவது கனநீர் ஆலை 1962-இல் பஞ்சாபின் நாங்கல் என்னுமிடத்தில் இயங்கத் தொடங்கியது. அணு உலைகளில் நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்க டன் கணக்கில் பயன்படும் இதே பொருள், சில கிராம் அளவில், மனிதரின் உடற்கொழுப்பை அறியவும் துணை செய்கிறது.

ஹைட்ரஜனுக்கு டியூட்டீரியம் என்றோர் இரட்டையுண்டு. அதன் அணு ஏறத்தாழ இரு மடங்கு கனமுடையது. வேறு வகையில் ஹைட்ரஜனைப் போன்றே நடந்துகொள்வது. அதற்குக் கதிரியக்கம் இல்லை. நாம் பருகும் சாதாரண நீரிலும் ஏறத்தாழ 6,500 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்று டியூட்டீரியமாகவே இருக்கிறது. டியூட்டீரியம் சேர்ந்த நீரே கனநீர். இதனை வைத்து மனித உடலின் நீரளவை ஹெவெசியும் ஹோஃபரும் 1934-லேயே கணித்துக் காட்டினர்.

முறை எளியது. ஒரு தொட்டியில் எவ்வளவு நீர் உள்ளதென்று தெரியாது என்று வைத்துக்கொள்வோம். அளந்த ஒரு படி சாயநீரை அதில் ஊற்றிக் கலக்கி, பின்னர் ஒரு குவளை நீரை மொண்டு, சாயம் எவ்வளவு வெளிறியுள்ளது என்று பார்த்தால் தொட்டியின் நீரளவு விளங்கிவிடும். அவ்வாறே மாணவர் ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ அரை கிராம் வீதம், 30 கிராமுக்கு மிகாமல், கனநீரைப் பருகக் கொடுக்கிறார்கள். மூன்று நான்கு மணி நேரத்தில் அது உடல் முழுவதும் பரவிவிடுகிறது. பின்னர் சிறிது உமிழ்நீரை எடுத்து, அகச்சிவப்புக் கதிர்களின் துணையால் அதிலுள்ள டியூட்டீரியத்தை அளக்கிறார்கள். ஊசி இல்லை, இரத்தம் எடுப்பதில்லை. வியன்னாவிலுள்ள சர்வதேச அணுசக்தி முகமை பல நாடுகளில் இம்முறையைப் பரப்பிவருகிறது. நம் நாட்டில் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிறுவனம் இதில் நெடுநாள் அனுபவமுடையது.

நீரின் அளவிலிருந்து கொழுப்பின் அளவுக்கு வருவது எப்படி? கொழுப்பில் நீர் கிடையாது என்றே சொல்லலாம். கொழுப்பு நீங்கிய ஏனைய உடலில் ஏறத்தாழ 73 சதவிகிதம் நீர். (வளரும் பிள்ளைகளில் இது சற்று அதிகம், ஆராய்ச்சியாளர் அதற்கெனத் திருத்தம் செய்வர்.) ஆகவே நீரளவை 0.73 ஆல் வகுத்தால் கொழுப்பற்ற உடலின் எடை கிடைக்கும், மீதி கொழுப்பு.

வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்காட்டத் தக்க ஓர் உதாரணத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். மூன்று மாணவர்கள். மூவரும் 16 வயதினர். மூவருக்கும் உயரம் ஒன்றே, எடையும் 50 கிலோ. முதலாமவன் உடலில் 31 கிலோ நீர். 0.73 ஆல் வகுக்க 42.5 கிலோ, கொழுப்பு 7.5 கிலோ, அதாவது 15 சதவிகிதம். இரண்டாமவள் பெண். அவள் உடலில் 27 கிலோ நீர். கொழுப்பற்ற உடல் 37 கிலோ. கொழுப்பு 13 கிலோ, அதாவது 26 சதவிகிதம். மூன்றாமவன் மற்றொரு பையன். நீர் 27.4 கிலோ, கொழுப்பற்ற உடல் 37.5 கிலோ; கொழுப்பு 12.5 கிலோ, அதாவது 25 சதவிகிதம்.

தராசு மூவரையும் ஒன்றாகவே காட்டியது. உயரத்தையும் எடையையும் சேர்த்துக் கணக்கிடும் உடல் எடைக் குறியெண்ணும் ஒன்றாகவே காட்டும். உண்மையில், மூவரிலும் அதிகக் கொழுப்புடைய அந்தப் பெண் பூரண ஆரோக்கியமுடையவள். அவளைவிடக் கொழுப்புக் குறைந்த மூன்றாவது பையனே மருத்துவரிடம் அனுப்பப்படவேண்டியவன். ஆண் பிள்ளைகளுக்கு 25 சதவிகிதம், பெண் பிள்ளைகளுக்கு 30 சதவிகிதம் என்பது ஆராய்ச்சியாளர் பலர் கொள்ளும் எச்சரிக்கை எல்லை. ஆணையும் பெண்ணையும் ஒரே எண்ணால் மதிப்பிட்டால், கலங்க வேண்டாதவளைக் கலங்கச் செய்து, கவனிக்க வேண்டியவனை விட்டுவிடுவோம்.

மூன்றாவது பையனைப் போன்றவர்கள் நம் நாட்டில் அரியவர்கள் அல்லர். புனே கே.ஈ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக், தாமும் பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் யூட்கினும் சேர்ந்து நிற்கும் படமொன்றை 2004-இல் 'லான்செட்' பத்திரிகையில் வெளியிட்டார். இருவருக்கும் உடல் எடைக் குறியெண் 22.3, இரு உடல்களும் பார்வைக்கு மெலிந்தவையே. கொழுப்பை அளந்தபோது ஆங்கிலேயருக்கு 9.1 சதவிகிதம், இந்தியருக்கு 21.2 சதவிகிதம். தசை குறைந்து, கொழுப்பு மிகுந்து, வெளித்தோற்றத்தில் மெலிவாகத் தெரியும் இவ்வுடலமைப்பு பிறவியிலேயே தொடங்குகிறது என்று அவருடைய ஆய்வுகள் காட்டின. புனேயை அடுத்த கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை ஏறத்தாழ 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 3.5 கிலோ. இந்தியக் குழந்தைக்குத் தசையும் உள்ளுறுப்புகளும் சிறுத்திருந்தன. தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை.

கொழுப்பு தங்கும் இடமும் முக்கியமானது. இடுப்பிலும் தொடையிலும் தங்குவது பெரும்பாலும் தீங்கற்றது. வயிற்றுக்குள் குடல், ஈரல் ஆகியவற்றைச் சூழ்ந்து தங்குவது இன்சுலினின் வேலையைத் தடுக்கிறது. இதன் முடிவு நாம் அறிந்ததே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. முன்னர் நாற்பது வயதுக்கு மேல் தோன்றிய இரண்டாம் வகை நீரிழிவு இப்போது பள்ளிப் பருவத்தினரிடமும் காணப்படுகிறது. இதனாலேயே இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-இல் வெளியிட்ட வளர்ச்சிப் படங்களில், வயதுவந்தோரின் 23, 27 ஆகிய குறியெண்களுக்கு ஈடான கோடுகளையே முறையே மிகை எடைக்கும் உடற்பருமனுக்கும் எல்லையாக வகுத்தது. மேல்நாட்டு எல்லைகளான 25, 30 ஆகியவை நம் பிள்ளைகளுக்குத் தாமதமான எச்சரிக்கையாகும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் படங்கள் உள்ளமையையும் கவனிக்க.

இனி உணவுப் பழக்கத்துக்கு வருவோம். நகரத்து மாணவர் ஒருவரின் நாள் எப்படிச் செல்கிறது? காலையில் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும். பசியில்லை, நேரமில்லை என்று ஓட்டம். இடைவேளையில் டப்பா. பிற்பகலில் வீட்டுச் சாப்பாடு, அல்லது பெற்றோர் இருவரும் வேலைக்குச் சென்ற வீடாயின் மூடிவைத்த சாப்பாடு. மாலையில் தனிப்பயிற்சி வகுப்பு. வகுப்புக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ வடாபாவ், சேவ்பூரி, பொட்டல நூடுல்ஸ், குளிர்பானம். இரவு பத்து மணிக்குக் கைப்பேசியைப் பார்த்தபடி சாதமோ சப்பாத்தியோ. நாளின் பாதிக்கு மேற்பட்ட உணவு மாலை ஐந்து மணிக்குப் பின்னர் உள்ளே செல்கிறது.

வடாபாவைப் பழித்துப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. இவ்வெழுத்தாளனின் அபிப்பிராயம் வேறு. 1960-களில் தாதர் நிலையத்தருகே தோன்றி, ஆலைத் தொழிலாளரின் மலிவான பசியாற்றியாகப் பரவிய பண்டம் அது. எட்டு மணி நேரம் நின்று உழைத்தவருக்கு ரொட்டி, உருளைக்கிழங்கு, கடலைமாவு, எண்ணெய் என்னும் சேர்க்கை பொருந்தும். பள்ளியில் ஆறு மணி நேரமும் தனிப்பயிற்சியில் இரண்டு மணி நேரமும் அமர்ந்தே இருந்த பிள்ளைக்கு, அதுவும் காலை உணவின் இடத்தில், அது பொருந்தாது. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி தருகின்றன. எண்ணெய் 9 கலோரி தருகிறது. குளிர்பானம் இன்னும் மோசம். 300 மில்லிலிட்டர் புட்டியில் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை, அதாவது ஆறு தேக்கரண்டி. சேர்த்த சர்க்கரையிலிருந்து வரும் சக்தி மொத்தத்தில் 10 சதவிகிதத்துக்குக் குறைவாகவும், இயன்றால் 5 சதவிகிதத்துக்குக் குறைவாகவும் இருக்கவேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் பரிந்துரைத்தது. 2,400 கலோரி தேவைப்படும் பதினான்கு வயதுப் பெண்ணுக்கு அந்த 5 சதவிகிதம் சரியாக 30 கிராம். ஒரே புட்டியில் அன்றைய பங்கு தீர்ந்துவிடுகிறது.

பழக்கங்களில் ஆண், பெண் வேற்றுமை தெளிவாகத் தெரிகிறது. பையனுக்குக் கைச்செலவுக்குக் காசும் தெருவில் நிற்கும் சுதந்திரமும் உண்டு. ஆகவே அவன் வெளியில் தின்கிறான், ஒரே தடவையில் நிறையத் தின்கிறான். பெண் வீட்டுக்குள் இருந்து, காரி, டோஸ்ட், சிவ்டா, பிஸ்கட் ஆகியவற்றைத் தேநீருடன் சிறிது சிறிதாகக் கொறிக்கிறாள்; பின்னர் "பருமனாகிவிடுவேன்" என்று சோற்றையும் பருப்பையும் தள்ளிவிடுகிறாள். கொறித்தது கணக்கில் வருவதில்லை. தள்ளியது சத்துள்ள உணவு. ஏழை வீடுகளில் வேறொரு வழக்கம் இன்னும் நிலவுகிறது. தந்தையும் பையன்களும் உண்ட பின்னரே தாயும் பெண்ணும் உண்பார்கள். குழம்பில் பருப்பு முதலில் போய், தெளிநீர் மட்டும் எஞ்சுகிறது. ஒரு முட்டை இருந்தால் அது அண்ணனுக்கு. இவ்விரு பெண்களும், செல்வத்தில் எவ்வளவு வேறுபட்டிருந்தாலும், ஒரே குறைபாட்டில் வந்து சந்திக்கின்றனர்.

அது ஏன் என்பதை ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட தேவை அளவுகளைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். 16 முதல் 18 வயது வரையுள்ள பையனுக்கு நாளொன்றுக்கு 3,320 கலோரியும் பெண்ணுக்கு 2,500 கலோரியும் தேவை. பெண்ணின் சக்தித் தேவை பையனுடையதில் முக்கால் பங்கே. புரதத்தில் பையனுக்கு 55 கிராம், பெண்ணுக்கு 46 கிராம். சுண்ணாம்புச் சத்து இருவருக்கும் ஒரே அளவு, 1,050 மில்லிகிராம். இரும்புச் சத்தில் நிலைமை தலைகீழாகிறது: பையனுக்கு 26 மில்லிகிராம், பெண்ணுக்கு 32. மாதவிலக்கில் இழக்கும் இரத்தத்தை ஈடுசெய்யவேண்டியிருப்பதே காரணம்.

இதை ஆயிரம் கலோரிக்கு இவ்வளவு என்று மாற்றிப் பாருங்கள். பையன் உண்ணும் ஒவ்வோர் ஆயிரம் கலோரியிலும் 8 மில்லிகிராம் இரும்பு இருந்தால் போதும். பெண்ணுக்கு ஏறத்தாழ 13 மில்லிகிராம் வேண்டும். சுண்ணாம்புச் சத்தும் அவ்வாறே. பையனுக்கு 316, பெண்ணுக்கு 420. அதாவது பெண் குறைந்த உணவுக்குள் அதிகச் சத்தை அடக்கவேண்டியவள். பிஸ்கட்டும் சிவ்டாவும் இனிப்புப் பானமும் அவளுடைய 2,500 கலோரியில் 600-ஐ எடுத்துக்கொண்டால், எஞ்சிய 1,900 கலோரிக்குள் 32 மில்லிகிராமையும் பெறவேண்டும். ஆயிரத்துக்கு ஏறத்தாழ 17 மில்லிகிராம். நம் வழக்கமான அரிசிச் சாப்பாட்டில் இது நடவாத காரியம். சத்தில்லாத தின்பண்டம் இருபாலாருக்கும் கெடுதல்தான் என்றாலும், பெண்ணுக்கு அதனால் வரும் நஷ்டம் பெரிது. அவள் உணவைக் குறைத்தால் நஷ்டம் இரட்டிக்கிறது: கொழுப்பு சிறிது குறையலாம், இரத்தமும் எலும்பும் நிச்சயமாகக் குறையும். குமரப் பருவத்தில் சேராத எலும்புச் செல்வத்தைப் பின்னர் முழுவதும் ஈடுசெய்ய இயலாது.

அணுசக்தி நகருக்கு அண்மையில், தேவனாரில் உள்ள சர்வதேச மக்கள்தொகை ஆய்வியல் நிறுவனம் தேசியக் குடும்பநல ஆய்வை நடத்திவருகிறது. 2019-21 ஆய்வின்படி 15 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்களில் 59 சதவிகிதத்தினருக்கும், அதே வயது ஆண்களில் 31 சதவிகிதத்தினருக்கும் இரத்தசோகை. 2016-18-இல் நடந்த அகில இந்திய விரிவான ஊட்டச்சத்து ஆய்வோ, 10 முதல் 19 வயதுப் பெண்களில் 40 சதவிகிதம், ஆண்களில் 18 சதவிகிதம் என்று கூறியது. எண்கள் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன என்று வாசகர் கேட்கலாம். வயது எல்லை வேறு என்பது ஒரு காரணம். முன்னது விரல் நுனியில் குத்தி எடுத்த துளி இரத்தத்தைச் சோதித்தது. பின்னது நாளத்திலிருந்து எடுத்த இரத்தத்தைச் சோதித்தது என்பது மற்றொன்று. விரலை அழுத்தினால் திசுநீர் கலந்து எண் மாறிவிடும். எவ்வாறாயினும் பெண்களின் நிலை ஆண்களினும் ஏறத்தாழ இரு மடங்கு மோசமென்பதில் இரு ஆய்வுகளும் ஒத்துப்போகின்றன. பின்னதன்படி குமரப் பருவத்தினரில் 24 சதவிகிதத்தினர் மெலிந்தவர்கள், 5 சதவிகிதத்தினர் மிகை எடையுள்ளவர்கள். நாடு முழுவதற்குமான இச்சராசரியில், நகரத்து வசதியான குடியிருப்புகளின் உண்மை நிலை மறைந்துவிடுகிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

உணவின் மறுபக்கம் உழைப்பு. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரி ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்கும்படி உடலை இயக்கவேண்டும். 2016-ஆம் ஆண்டு நிலவரத்தை ஆராய்ந்து 2019-இல் வெளியான உலகளாவிய ஆய்வில், பள்ளி செல்லும் 11 முதல் 17 வயதினரில் பையன்களில் 78 சதவிகிதமும் பெண்களில் 85 சதவிகிதமும் இவ்வளவுக்கு இயங்கவில்லை எனக் கண்டனர். நம் நாட்டில் பெண் பூப்படைந்ததும் விளையாட்டு நின்றுவிடுகிறது. ஓட்டமும் குதியும் எலும்பை உறுதிப்படுத்த மிகத் தேவையான அதே ஆண்டுகளில் அவள் ஓரத்தில் உட்கார்த்தப்படுகிறாள். அணுசக்தி நகரைப் போல மரநிழலும் திறந்த வெளியும் உள்ள குடியிருப்பு மும்பையில் அபூர்வம். அத்தகைய இடங்களிலும் மாலை ஆறு மணிக்குத் திடலில் எத்தனை பெண்கள் ஓடுகிறார்கள் என்று அந்தந்தப் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர் எண்ணிப் பார்ப்பது நல்லது. 3,320 கலோரி என்னும் கணக்கும் உடலை இயக்கும் பையனுக்கே உரியது என்பதைப் பெற்றோர் மறந்துவிடலாகாது.

மாற்று உணவு எங்கோ தேட வேண்டியதன்று. டிராம்பேயிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தில் கதிர்வீச்சின் துணையால் உருவான நிலக்கடலை இரகங்களும் உளுந்து இரகங்களும் நெடுங்காலமாக நம் உழவர் வயல்களில் விளைகின்றன. ஒரு பிடி, அதாவது 30 கிராம், வறுத்த கடலை ஏறத்தாழ 170 கலோரியும் 7 கிராமுக்கு மேல் புரதமும் தரும். அதே எடையுள்ள உருளைக்கிழங்கு வறுவல் ஏறத்தாழ 160 கலோரி தந்து, 2 கிராம் புரதத்தோடு நின்றுவிடும். மகாராஷ்டிரத்துக் கம்பு பாக்ரியிலும் நம் கம்பங்கூழிலும் அரிசியைவிடப் பன்மடங்கு இரும்புச் சத்து உண்டு. கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளது. தானியத்திலும் கீரையிலுமுள்ள இரும்பு எளிதில் உட்கொள்ளப்படுவதில்லை. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றில் ஒன்று உடன் இருந்தால் அதிகம் ஏறும். உணவுடன் தேநீர் பருகினால் குறையும். இட்லியுடன் தேநீர் என்னும் மாதுங்கா வழக்கத்தைக் கைவிடச் சொன்னால் யாரும் கேளார். ஒரு மணி நேரம் தள்ளிப் பருகச் சொல்லலாம்.

பள்ளிகளுக்குச் சட்டத்தின் துணையும் வந்துள்ளது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலோ அதன் வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள்ளோ விற்கலாகாதென உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் விதி வகுத்தது. பானங்களில் எவ்வளவு சர்க்கரை உள்ளது என்பதை விளக்கும் பலகைகளை வைக்குமாறு மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2025 மே மாதத்தில் தன் பள்ளிகளுக்கு அறிவுறுத்தியது. ஐம்பது மீட்டருக்கு அப்பால் வண்டிக்காரர் நிற்பார் என்பதை எல்லா ஆசிரியரும் அறிவர். பலகை எழுதும் வேலையை மாணவரிடமே விட்டு, புட்டியின் மேலுள்ள எண்ணைத் தேக்கரண்டியாக மாற்றச் செய்வது அதிகப் பயன் தரும்.

எடை பார்க்கும் நாளில் ஆசிரியரும் களப்பணியாளரும் செய்யக்கூடியவை சில உண்டு. எடையைத் தனியறையில் பார்த்து, வாய்விட்டுச் சொல்லாமல் எழுதிக்கொள்ள வேண்டும். ஆண், பெண் படங்களில் தனித்தனியே புள்ளி வைத்து, சென்ற ஆண்டின் புள்ளியுடன் இணைத்துப் பார்க்க வேண்டும். கோடு திடீரென மேலேறினாலோ கீழிறங்கினாலோதான் கவலை. ஒரு நாடாவால் தொப்புள் மட்டத்தில் வயிற்றின் சுற்றளவை அளந்து, அது உயரத்தில் பாதியைத் தாண்டுகிறதா என்று பார்ப்பது, மெலிந்த தோற்றத்தில் மறைந்துள்ள வயிற்றுக் கொழுப்பைக் காட்டிக்கொடுக்கும். பெண் பிள்ளைகளைப் பெண் ஆசிரியரே அளக்க வேண்டும். கழுத்தின் பின்புறத்திலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்து வெல்வெட் போலிருக்கும் சில பிள்ளைகளைச் சரியாகக் குளிக்கவில்லை என்று ஆசிரியர்கள் கடிந்துகொள்கிறார்கள். அது அழுக்கன்று, இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளமாகப் பல வேளைகளில் இருப்பது. அப்பிள்ளையை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மாதவிலக்கு மூன்று மாதம் தொடர்ந்து தவறும் மாணவியையும் அவ்வாறே அனுப்ப வேண்டும். பட்டினியாலும் அது நிகழலாம், மிகைக் கொழுப்புடன் கூடிய சினைப்பைக் கோளாறாலும் நிகழலாம்.

வளரும் பிள்ளைக்கு எடை மிகுந்திருந்தாலும், மருத்துவர் மேற்பார்வையின்றி எடையை இறக்க முயலலாகாது. இனிப்புப் பானத்தையும் பொட்டலப் பண்டத்தையும் நிறுத்தி, எடையை அப்படியே வைத்திருந்தால், உயரம் ஏற ஏற உடல் தானே ஒழுங்குக்கு வரும். உணவில் எதையேனும் குறைக்கச் சொல்லும்போது பருப்பையும் பாலையும் முட்டையையும் குறைக்காதே என்று சேர்த்தே சொல்ல வேண்டும்; இல்லையேல் பெண்கள் அவற்றைத்தான் முதலில் விடுவர்.

2018-இல் தொடங்கிய இரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தின் கீழ், 10 முதல் 19 வயதினருக்கு வாரம் ஒன்றாக வழங்கப்படும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. ஆண் பிள்ளைகளுக்கும் அது உரியது. வெறும் வயிற்றில் விழுங்கியவர்களுக்கே குமட்டல் பெரும்பாலும் வருகிறது. ஒருத்தி குமட்டினால் அடுத்த வாரம் வகுப்பே மறுத்துவிடும் என்பதைக் களப்பணியாளர் அறிவர். ஆகவே மாத்திரை நாளை மதிய உணவுக்குப் பின்னர் வரும் பாடவேளையில் வைத்துக்கொண்டு, ஆசிரியரும் மாணவர் முன்னிலையிலேயே தண்ணீருடன் ஒன்றை விழுங்கிக் காட்டுவது நல்லது. காலை உணவின்றி வந்த பிள்ளை யாரென்றும் அப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.